மூச்சை விட்ட பிறகும் நுரையீரலில் 2.4 லிட்டர்: இந்தக் காற்று எதற்கு?

தேன்சிட்டு | பதிவு 1

வணக்கம். சுவாச மண்டலம் நடத்துவதற்காக வழக்கமான பாட்டில்-பலூன் மாதிரி தயார் செய்திருக்கிறேன். அடி வெட்டிய பாட்டில், மூடியில் ஒரு குழாய், குழாயின் உள்முனையில் பலூன், வெட்டிய அடியில் இழுத்துக் கட்டிய ரப்பர். ரப்பரைக் கீழே இழுத்தால் பலூன் உப்புகிறது. விட்டால் தொய்ந்து துணிபோலத் தொங்கிவிடுகிறது.

பாடத்தில் உள்ள கணக்கு வேறு. வளர்ந்த ஒருவர் இயல்பாக மூச்சை விட்டு முடித்த கணத்தில் நுரையீரலில் ஏறத்தாழ 2400 மி.லி. காற்று இருக்கிறது. வயிற்றை எக்கி முழுமூச்சாக வெளியேற்றினாலும் 1200 மி.லி. மிஞ்சுகிறது. ஒரு மூச்சில் உள்ளே போவதோ 500 மி.லி. தான்.

மாணவர்கள் நிச்சயம் கேட்கப்போவது: ஏன் காலியாவதில்லை? அந்த மிச்சத்தால் என்ன பயன்? மாதிரியில் மட்டும் பலூன் ஏன் காலியாகிறது? மூன்றுக்கும் சரியான பதில் வேண்டும்.

---

உதரவிதானம் | பதிவு 2

டீச்சர், மூன்றாவது கேள்வியில்தான் முதல் கேள்விக்கான பதிலும் இருக்கிறது.

நுரையீரல் இயல்பிலேயே சுருங்க நினைக்கும் பொருள். மீள்நார்களும், நுண்ணறைகளின் (குழல்களின் நுனியில் உள்ள சிறு காற்றுப் பைகள்) உள்ளே படிந்த ஈரத்தின் பரப்பு இழுவிசையும் அதை உள்நோக்கி இழுக்கின்றன. மார்புக்கூடு அப்படி இல்லை. அது வெளிநோக்கி விரிய நினைக்கிற வில். நுரையீரலின் பிடி இல்லாவிட்டால், மொத்தக் கொள்ளளவில் நாலில் மூன்று பங்கு அளவுக்கு விரிந்த நிலையில்தான் மார்புக்கூடு ஓய்வாக நிற்கும். ஒன்று உள்ளே இழுக்க, மற்றது வெளியே இழுக்க, இரண்டும் சமமாகும் இடம் ஒன்று உண்டு. அந்த இடத்தில் உள்ளே இருக்கும் காற்றுதான் 2400 மி.லி. அந்த நிலையில் எந்தத் தசையும் வேலை செய்வதில்லை. இயல்பான வெளிமூச்சு தானாக நின்றுவிடுவது அதனால்தான். இதற்குச் செயல்பாட்டு எஞ்சிய கொள்ளளவு என்று பெயர். பேச்சு வழக்கில் எஃப்ஆர்சி.

இரண்டையும் ஒட்டவைத்திருப்பது பசை அல்ல. நுரையீரலைப் போர்த்திய உறைக்கும் மார்புச் சுவரின் உட்புற உறைக்கும் நடுவே சில மி.லி. திரவம் மட்டும் இருக்கிறது. காற்று அறவே கிடையாது. இருபுறமும் எதிரெதிராக இழுபடுவதால் அந்த இடைவெளியின் அழுத்தம் வெளிக்காற்றைவிட ஏறத்தாழ 5 செ.மீ. நீர் அளவு (அவ்வளவு உயர நீர் தரும் அழுத்தம்) குறைவு. மூச்சு இழுத்து முடிக்கும்போது அந்தக் குறைவு 8 வரை போகும். நுண்ணறைக்குள் ஏற்படும் மாற்றமோ இழுக்கும்போது 1 குறைவு, விடும்போது 1 அதிகம், அவ்வளவே.

உங்கள் பாட்டிலில் பலூனைச் சுற்றி வெளிக்காற்றின் அழுத்தத்திலேயே காற்று நிற்கிறது. ஓய்வில் பலூனை விரித்துப் பிடிக்க எதுவும் இல்லை. அதனால் தொங்குகிறது.

1200 மி.லி. பற்றி. முழுமூச்சாக வெளியேற்றும்போதும் ஓரளவுக்கு மேல் இளைஞர்களின் மார்புக்கூட்டை அமுக்க முடிவதில்லை. வயது ஏற ஏறக் காரணம் மாறுகிறது: நுண்ணறைகள் காலியாகும் முன்பே அவற்றுக்குப் போகும் நுண்கிளைக் குழல்கள் மூடிக்கொள்கின்றன, நுரையீரலின் அடிப்பகுதியில் முதலில். குழல் மூடினால் அதற்கு அப்பால் உள்ள காற்று சிறைப்பட்டதுதான்.

---

சீரான்மூச்சு | பதிவு 3

பயன் என்ன என்பதற்கு நான் வருகிறேன்.

நுரையீரல் வழியே நிமிடத்துக்கு ஏறத்தாழ 5 லிட்டர் இரத்தம் ஓடுகிறது. நாம் மூச்சை விடும்போது அது நிற்பதில்லை. ஒரு சிவப்பணு நுண்ணறையைச் சுற்றிய தந்துகியில் இருப்பது முக்கால் நொடி. ஆக்சிஜன் ஏற்ற அதற்குக் கால் நொடி போதும். ஒவ்வொரு வெளிமூச்சிலும் நுரையீரல் காலியானால், அந்த இரண்டு மூன்று நொடியில் கடக்கிற இரத்தம் முழுக்க வந்தபடியே திரும்பிப் போகும். இதயத்திலிருந்து வெளியேறும் இரத்தம் ஒரு கணம் சிவப்பு, மறுகணம் கருஞ்சிவப்பு என்று மாறிக்கொண்டே இருக்கும்.

உள்ளே 2400 மி.லி. நிற்பதால் அப்படி ஆவதில்லை. இழுக்கிற 500-ல் 150 மி.லி. மூக்கிலிருந்து நுண்கிளைக் குழல் வரையுள்ள பாதையிலேயே நின்றுவிடும். அங்கே வாயுப் பரிமாற்றம் இல்லை. டெட் ஸ்பேஸ் என்கிறோம். நுண்ணறைக்குப் புதிதாகச் சேர்வது 350. அதாவது ஒரு மூச்சில் மாறுவது கையிருப்பில் ஏழில் ஒரு பங்குதான். அதனால் நுண்ணறையின் ஆக்சிஜன் அழுத்தம் 100 மி.மீ. பாதரசத்தை ஒட்டியே நிற்கிறது. ஒரு மூச்சுக்குள் அது 3-4 மி.மீ. அளவுக்கு ஏறி இறங்கும், அதற்கு மேல் இல்லை.

டெட் ஸ்பேஸ் கணக்கைக் கட்டாயம் கரும்பலகையில் போடுங்கள்:

500 மி.லி. × 12 மூச்சு = 6 லிட்டர். நுண்ணறைக்கு: 350 × 12 = 4.2 லிட்டர்.
250 மி.லி. × 24 மூச்சு = அதே 6 லிட்டர். நுண்ணறைக்கு: 100 × 24 = 2.4 லிட்டர்.
1000 மி.லி. × 6 மூச்சு = அதே 6 லிட்டர். நுண்ணறைக்கு: 850 × 6 = 5.1 லிட்டர்.

மார்பு படபடவென்று ஏறி இறங்குவதைப் பார்த்து "நல்லாத்தான் மூச்சு விடுகிறார்" என்று முடிவு செய்வது எவ்வளவு ஆபத்து என்பது இரண்டாவது வரியில் தெரியும்.

---

அகல்விளக்கு | பதிவு 4

சீரான்மூச்சு அண்ணா, இந்தக் கணக்குப்படி 150 மி.லி. × 40 மூச்சு என்றால் நுண்ணறைக்குப் போவது பூஜ்யம். ஆனால் உயர் அதிர்வெண் அலைவு வென்டிலேட்டர் (நொடிக்குப் பல தடவை சிறு அதிர்வாகக் காற்றைத் தள்ளும் கருவி) டெட் ஸ்பேஸை விடக் குறைந்த அளவையே தள்ளுகிறது. அதில் குழந்தைகள் பிழைக்கிறார்களே?

---

சீரான்மூச்சு | பதிவு 5

சரியான கேள்வி. கழித்தல் கணக்கு, காற்று ஒரு பிஸ்டன் போலத் தட்டையாக நகர்கிறது என்று வைத்துக்கொண்டு போடுவது. உண்மையில் குழாயின் நடுவில் காற்று வேகமாகவும் சுவரை ஒட்டி மெதுவாகவும் போகிறது. ஈட்டி முனை மாதிரி ஒரு வடிவம். நடுவில் போகிற முனை 150 மி.லி. தாண்டும் முன்பே உள்ளே எட்டிவிடும். அதோடு கிளைக்குக் கிளை காற்று கலப்பதும், பக்கத்துப் பக்கத்து நுண்ணறைத் தொகுதிகள் தங்களுக்குள் காற்றை மாற்றிக்கொள்வதும் உண்டு. நொடிக்கு 10-15 அதிர்வு கொடுக்கும்போது இவையெல்லாம் சேர்ந்து பரிமாற்றத்தை நடத்திவிடுகின்றன. இன்னொன்றும் கவனியுங்கள்: அந்தக் கருவி சராசரி அழுத்தத்தை உயர்த்தி நுண்ணறைகளைத் திறந்தே வைத்திருக்கிறது. எஃப்ஆர்சியைப் பிடித்து வைத்துக்கொண்டு சிறு அதிர்வு மட்டும் கொடுப்பதுதான் அதன் முறையே.

சாதாரண மூச்சில் கழித்தல் கணக்கு போதுமானது. சிறு குழந்தைகளிடம் அது உயிர் காக்கும் கணக்கும்கூட. 3 கிலோ குழந்தைக்கு ஒரு மூச்சு கிலோவுக்கு 6 மி.லி. வீதம் 18 மி.லி. அதில் டெட் ஸ்பேஸ் கிலோவுக்கு 2 வீதம் 6. மீதி 12. மூச்சுப்பாதையில் போட்ட குழாய்க்கும் வென்டிலேட்டருக்கும் நடுவே 10 மி.லி. கொள்ளும் ஒரு இணைப்பியைச் செருகினால் நுண்ணறைக்குக் கிடைப்பது 2 மி.லி.தான். திரையில் அதே 18 காட்டும்; கரியமில வாயு மட்டும் ஏறிக்கொண்டே போகும்.

---

கோடைமழை | பதிவு 6

அளப்பது பற்றி யாரும் சொல்லவில்லையே. ஸ்பைரோமீட்டரில் ஊதி இந்த 2400-ஐக் கண்டுபிடிக்க முடியாது என்பதை மாணவர்களிடம் அழுத்திச் சொல்லுங்கள். வெளியே வந்த காற்றைத்தான் அது அளக்கும். வெளியே வராததை எப்படி அளக்கும்? 1846-ல் ஹட்சின்சன் தன் கருவியில் உயிர்ப்புத்திறனை (முழுக்க இழுத்து முழுக்க விடும் காற்றின் அளவு) அளந்தபோதும் எஞ்சிய காற்று கணக்குக்கு வெளியேதான் நின்றது.

ஒரு வழி ஹீலியம். அது இரத்தத்தில் அநேகமாகக் கரையாது, அதனால் போட்ட அளவு அப்படியே இருக்கும். கருவியில் 3 லிட்டர், அதில் ஹீலியம் 10%. இயல்பான வெளிமூச்சு முடிகிற கணத்தில் வால்வைத் திருப்பி ஆளை இணைக்கிறோம். செலவாகிற ஆக்சிஜனை ஈடுகட்டிக்கொண்டு, வெளிவிடும் கரியமில வாயுவை உறிஞ்சிக்கொண்டு, அளவு நிலைக்கும் வரை மூச்சு விடச் சொல்கிறோம். ஹீலியம் 5.5%-ல் நின்றால்: 3 × 10 ÷ 5.5 = 5.45 லிட்டர். கருவியின் 3-ஐக் கழித்தால் 2.45. அதுதான் எஃப்ஆர்சி.

பிழை வருகிற இடங்கள்:

வால்வை மூச்சின் நடுவில் திருப்பிவிடுவது. 300 மி.லி. உள்ளே இருக்கும்போது திருப்பினால் விடையும் 300 கூடிவரும். அதனால் நாலைந்து சீரான மூச்சு வரும் வரை காத்திருந்து, கருவி வரையும் கோட்டின் அடிமட்டம் ஒரே நேர்கோட்டில் நிற்கிறதா என்று பார்த்த பிறகே திருப்ப வேண்டும்.

கசிவு. உதட்டோரம், மூக்குக் கிளிப், இரண்டும் எல்லாருக்கும் தெரியும். செவிப்பறையில் ஓட்டை இருந்தால் காது வழியாகவும் ஹீலியம் போகும், இதைப் பலர் யோசிப்பதில்லை. கசிவு இருந்தால் ஹீலியம் ஒரு இடத்தில் நிற்காமல் இறங்கிக்கொண்டே இருக்கும், நுரையீரல் இருப்பதைவிடப் பெரிதாகத் தெரியும்.

காற்றுச் சிறைப்பட்ட நுரையீரல். எம்பைசீமாவில் (நுண்ணறைச் சுவர்கள் சிதையும் நோய்) மூடிய குழலுக்கு அப்பால் உள்ள காற்றோடு ஹீலியம் கலக்காது. விடை உண்மையைவிடக் குறைவாக வரும். அங்கே உடற்பெட்டி முறைதான் சரி: காற்றுப்புகாத கண்ணாடி அறையில் உட்காரவைத்து, வெளிமூச்சின் முடிவில் வாய்க்குழாயை ஒரு தடுப்பால் மூடி, நொடிக்கு ஒன்று என்ற கணக்கில் மெல்ல இளைக்கச் சொல்கிறோம். அறையின் அழுத்த மாற்றத்தையும் வாயின் அழுத்த மாற்றத்தையும் வைத்து பாயில் விதிப்படி (அழுத்தம் கூடினால் கன அளவு அதே விகிதத்தில் குறையும்) கணக்கு. இரண்டு கையாலும் கன்னத்தைப் பிடித்துக்கொள்ளச் சொல்ல மறந்தால், கன்னம் உப்பி எண் கெடும்.

இரண்டு முறையிலும் அளந்து வித்தியாசம் பார்த்தால் எவ்வளவு காற்று சிறைப்பட்டிருக்கிறது என்று தெரியும்.

---

நீலவாடை | பதிவு 7

எஃப்ஆர்சி இல்லாமல் பிறக்கிறவர்களைப் பற்றியும் எழுத வேண்டும்.

பதிவு 2-ல் சொன்ன பரப்பு இழுவிசை மிக வலுவானது. 1929-ல் ஃபான் நியர்கார்ட் நுரையீரலைக் காற்றால் விரித்தும் திரவத்தால் விரித்தும் பார்த்தார். திரவத்தால் விரிப்பது மிகச் சுலபமாக இருந்தது, ஏனென்றால் அங்கே காற்றும் நீரும் சந்திக்கும் பரப்பே இல்லை. நுண்ணறையின் ஆரம் 0.1 மி.மீ. என்று வைத்துக்கொண்டு, சுத்தமான நீரின் இழுவிசைக்குக் கணக்குப் போட்டால், அதைத் திறந்து வைக்க ஏறத்தாழ 14 செ.மீ. நீர் அழுத்தம் வேண்டும். சர்பாக்டன்ட் (பரப்பு இழுவிசையைக் குறைக்க நுரையீரல் சுரக்கும் பொருள்) அந்த இழுவிசையை மூன்றில் ஒரு பங்காக்கினால் 5 போதும். ஆரம் பாதியானால் தேவைப்படும் அழுத்தம் இரட்டிப்பு. அதாவது சர்பாக்டன்ட் இல்லாத நுண்ணறை சுருங்கச் சுருங்க இன்னும் வேகமாகச் சுருங்கும். சர்பாக்டன்ட் உள்ள நுண்ணறை சுருங்கும்போது அந்தப் படலம் நெருக்கமாகி இழுவிசை இன்னும் இறங்கும், சுருக்கம் பாதியில் நிற்கும்.

இரண்டாம் வகை நுண்ணறைச் செல்கள் இதைச் சுரக்கின்றன. கருவில் ஏறத்தாழ 24 வாரத்தில் தொடங்கி 35 வாரம் போலப் போதுமான அளவுக்கு வருகிறது. குறைமாதக் குழந்தையின் மூச்சுத்திணறலுக்கு இதன் குறைவே காரணம் என்று 1959-ல் மேரி எலன் ஏவரியும் ஜெர் மீடும் காட்டினார்கள். குறைப்பிரசவம் ஆகலாம் என்று தெரிந்தால் தாய்க்கு பீட்டாமெத்தசோன் 12 மி.கி. 24 மணி நேர இடைவெளியில் இரண்டு முறை கொடுப்பது இந்தச் செல்களை முதிரவைக்கத்தான்.

குழந்தைக்கு இன்னொரு பாதகமும் உண்டு. மார்புக்கூடு குருத்தெலும்பு, மெத்தென்று இருக்கும். வெளிநோக்கி இழுக்கும் வில் பலமில்லை. அதனால் குழந்தை வேறு உத்தி பிடிக்கிறது: வெளிமூச்சின்போது குரல்வளையைப் பாதி மூடி, உள்ளே அழுத்தத்தை நிறுத்துகிறது. ஒவ்வொரு வெளிமூச்சிலும் "ம்ஹ்... ம்ஹ்..." என்று முனகுகிற சத்தம் கேட்கும். அது அழுகை அல்ல. எஃப்ஆர்சியைப் பிடித்து வைக்கக் குழந்தை படுகிற பாடு. முனகலோடு விலாவுக்குக் கீழே குழி விழுவதும், மூக்கு விடைப்பதும், நிமிடத்துக்கு 60-க்கு மேல் மூச்சும் இருந்தால் தாமதிக்கக் கூடாது. முனகிக்கொண்டிருந்த குழந்தை திடீரென்று அமைதியானால், தேறிவிட்டதா களைத்துவிட்டதா என்று உடனே பார்க்க வேண்டும்.

சி-பாப் (மூக்கு வழியே விடாமல் அழுத்தத்தோடு காற்று கொடுக்கும் கருவி) செய்வதும் இதே வேலைதான், 5-6 செ.மீ. நீர் அழுத்தத்தில். மூக்குச் செருகி துவாரத்தை நிறைக்கிற அளவு இருக்க வேண்டும். சிறியதென்றால் கசியும், பெரியதென்றால் தோல் வெளுத்துப் புண்ணாகும், நடுத்தண்டில் அழுந்தினால் அதுவே அரித்துவிடும். வாய் திறந்தே இருந்தால் அழுத்தம் நிற்காது. வயிற்றுக்குள் காற்று போய் உப்பி உதரவிதானத்தை மேலே தள்ளும், அதனால் வாய்வழி இரைப்பைக் குழாயைத் திறந்து விட வேண்டும்.

---

உதரவிதானம் | பதிவு 8

நீலவாடை மேடம், முனகலை இவ்வளவு தெளிவாக எழுதியதற்கு நன்றி. கிளைக் குழல், நுண்கிளைக் குழல் என்று பெயர்களை மட்டும் மனப்பாடம் செய்கிற மாணவர்களுக்கு, அந்த ஒரு சத்தம் முழு இயக்கவியலையும் சொல்லிவிடும்.

---

வெண்திரை | பதிவு 9

மயக்க மருந்து கொடுப்பவர்களுக்கு எஃப்ஆர்சி என்பது ஆக்சிஜன் டேங்க்.

சாதாரணக் காற்றில் இருக்கும்போது 2400 மி.லி.-ல் ஆக்சிஜன் ஏறத்தாழ 14%, அதாவது 330 மி.லி. ஓய்வில் செலவு நிமிடத்துக்கு 250. மூச்சு நின்றால் ஒரு நிமிடம் சொச்சத்தில் டேங்க் காலி. 100% ஆக்சிஜனைச் சுவாசிக்கவைத்து நைட்ரஜனை வெளியேற்றிவிட்டால் அதே 2400-ல் 2100 மி.லி. ஆக்சிஜன் நிற்கும். கணக்குப்படி 8 நிமிடம். குரல்வளையைப் பார்த்துக் குழாய் போடுவதற்கு இந்த அவகாசம்தான் பாதுகாப்பு.

செய்முறை: மாஸ்க்கை முகத்தில் இறுக்கிப் பிடித்து 3 நிமிடம் இயல்பான மூச்சு, அல்லது 60 நொடியில் 8 ஆழ்ந்த மூச்சு. வெளிவிடும் காற்றில் ஆக்சிஜன் 90% தொட்டதா என்று பார்ப்பதுதான் முடிவு, கடிகாரம் அல்ல. பல சமயம் 3 நிமிடம் ஓடியிருக்கும், எண் 70-லேயே நிற்கும். காரணம் அநேகமாக மாஸ்க் ஓரக் கசிவு: தாடி, ஒட்டிய கன்னம், பல் இல்லாத வாய். மாஸ்க்கோடு இணைத்த பையைப் பாருங்கள், மூச்சுக்கு மூச்சு அசையாவிட்டால் அவர் அறைக்காற்றைத்தான் இழுக்கிறார். ஆக்சிமீட்டரை நம்பி ஏமாறக் கூடாது. அது முதல் சில மூச்சிலேயே 100 காட்டிவிடும், டேங்க் நிறைந்ததா என்று சொல்லாது. குழாய் போடும்போது அதே ஆக்சிமீட்டர் 97 காட்டிக்கொண்டிருக்க, கரியமில வாயு முதல் நிமிடத்தில் 6 மி.மீ., பிறகு நிமிடத்துக்கு 3-4 மி.மீ. என்று ஏறிக்கொண்டிருக்கும்.

டேங்க்கே சிறிதாகிற சூழல்கள்: மல்லாந்து படுத்தால் வயிற்று உறுப்புகள் உதரவிதானத்தை மேலே தள்ளி அரை லிட்டருக்கு மேல் குறையும். மயக்க மருந்தில் தசை தளர்ந்தால் இன்னும் 400-500 மி.லி. போகும். நிறைமாதக் கர்ப்பிணிக்கு எஃப்ஆர்சி 20% குறைவு, செலவோ 20% அதிகம். மிகை உடல் எடையில் 8 நிமிடம் 3-க்கும் கீழே வரலாம். இவர்களுக்கெல்லாம் தலைப்பக்கத்தை 20-25 டிகிரி உயர்த்தி ஆக்சிஜன் கொடுத்தாலே நல்ல வித்தியாசம் தெரியும்.

---

முத்துக்குளி | பதிவு 10

வெண்திரை சார் சொன்ன டேங்க் கணக்கை நீச்சல் பழகுகிறவர்கள் தவறாகப் புரிந்துகொண்டு உயிரை விடுகிறார்கள். "முங்குவதற்கு முன் இருபது முப்பது தடவை வேகவேகமாக மூச்சு விட்டால் ஆக்சிஜன் நிறையும்" என்ற நம்பிக்கை. இதற்கு எண்ணோடு பதில் வேண்டும், அப்போதுதான் இளைஞர்கள் கேட்பார்கள்.

---

சீரான்மூச்சு | பதிவு 11

எண்ணோடு சொல்கிறேன்.

நுண்ணறை ஆக்சிஜன் அழுத்தம் = உள்ளிழுக்கும் காற்றின் ஆக்சிஜன் அழுத்தம் 150 மி.மீ. − (கரியமில வாயு அழுத்தம் ÷ 0.8). இயல்பில் 150 − 50 = 100. வேகமாக மூச்சு விட்டுக் கரியமில வாயுவை 40-லிருந்து 20-க்கு இறக்கினால் 150 − 25 = 125. கூடியது 25 மி.மீ. நுரையீரலை 6 லிட்டருக்கு நிரப்பினாலும் அது ஏறத்தாழ 200 மி.லி. ஆக்சிஜன்தான். கைகால் அடித்து நீந்துகிறவர் நிமிடத்துக்கு ஒரு லிட்டருக்கு மேல் செலவழிப்பார். கிடைத்த லாபம் பத்துப் பன்னிரண்டு நொடி. இரத்தமோ ஏற்கெனவே 98% நிறைந்தது, அதில் ஏற்ற இடமே இல்லை.

இழந்தது என்ன? "மூச்சு இழு" என்று உடலை உந்துவது முதன்மையாகக் கரியமில வாயு. முகுளத்தின் அருகே மூளைத் தண்டுவட நீரின் அமிலத்தன்மையை உணரும் செல்கள் அதைக் கவனிக்கின்றன. கழுத்துத் தமனியில் உள்ள உணர்விகள் ஆக்சிஜன் 60 மி.மீ. போல இறங்கிய பிறகே உரக்கக் குரல் கொடுக்கும், அந்தக் குரலும் கரியமில வாயு குறைந்திருந்தால் மங்கிவிடும். 20-ல் தொடங்குகிறவருக்கு, மூச்சுத் தவிப்பு வரும் அளவுக்குக் கரியமில வாயு ஏறுவதற்குள் ஆக்சிஜன் நினைவு தப்பும் அளவுக்கு இறங்கிவிடும். தவிப்பே இல்லாமல், முகத்தில் எந்த அறிகுறியும் இல்லாமல் மயங்குவார்.

ஆழத்திலிருந்து மேலே வரும்போது இன்னும் மோசம். 10 மீட்டரில் அழுத்தம் இரண்டு மடங்கு, ஆக்சிஜன் அழுத்தமும் இரண்டு மடங்கு, அதனால் அங்கே தெளிவாக இருப்பார். ஏறஏற அது பாதியாகும். கடைசிச் சில மீட்டரில், மேற்பரப்பு கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் மயக்கம் வருவது இதனால்தான். வேகமூச்சுப் பயிற்சி செய்துவிட்டு நீருக்குள் போகக் கூடாது, தனியாகப் போகவே கூடாது. விரல் நுனி சிலிர்த்தாலோ தலை கிறுகிறுத்தாலோ கரியமில வாயு ஏற்கெனவே இறங்கிவிட்டது என்று பொருள்.

---

அகல்விளக்கு | பதிவு 12

எஃப்ஆர்சி குறைந்தால் ஆபத்து என்று எல்லாரும் எழுதிவிட்டீர்கள். அப்படியென்றால் கூடினால் நல்லதா?

---

சீரான்மூச்சு | பதிவு 13

இல்லை. சிஓபிடி (நாள்பட்ட மூச்சுக்குழல் அடைப்பு நோய்) நோயாளிகளின் துன்பமே அதுதான்.

எம்பைசீமாவில் மீள்நார்கள் அழிந்து நுரையீரலின் உள்ளிழுப்பு தளர்கிறது. சமநிலை மார்புக்கூட்டின் பக்கம் சாய்கிறது, பீப்பாய் மார்பு வருகிறது. கூடவே இன்னொன்று: ஆரோக்கியமான நுரையீரலில் அந்த நார்கள்தான் நுண்கிளைக் குழல்களைச் சுற்றிலும் இழுத்துத் திறந்து வைத்திருக்கின்றன. அவை போனதும் பலமாக ஊதினால் குழல் மடிந்து மூடும். எவ்வளவு முக்கினாலும் காற்று வேகம் கூடாது.

காலியாக நேரமும் வேண்டும். குழலின் தடையை நுரையீரலின் நெகிழ்வால் பெருக்கினால் வருவது நேர மாறிலி. அதைப்போல் மூன்று மடங்கு நேரத்தில் 95% காற்று வெளியேறும். வென்டிலேட்டரில் உள்ள ஒருவருக்குத் தடை 10 (செ.மீ. நீர், நொடிக்கு ஒரு லிட்டர் ஓட்டத்துக்கு), நெகிழ்வு 0.05 (லிட்டர், ஒரு செ.மீ. நீருக்கு) என்றால் 0.5 நொடி, மூன்று மடங்கு 1.5 நொடி போதும். சிஓபிடியில் தடை 15, நெகிழ்வு 0.1 என்றால் 1.5 நொடி, வெளிமூச்சுக்கு 4.5 நொடி வேண்டும். நிமிடத்துக்கு 24 மூச்சு என்று வைத்தால் ஒரு முழுச்சுற்றே 2.5 நொடி. ஒவ்வொரு மூச்சிலும் கொஞ்சம் மிச்சம், அதன்மேல் அடுத்தது. வென்டிலேட்டரின் ஓட்ட வரைகோடு பூஜ்யத்தைத் தொடும் முன்பே அடுத்த மூச்சு தொடங்குகிறதா என்று பாருங்கள். தொடங்கினால் காற்று சேர்கிறது. அழுத்தம் ஏறி, இதயத்துக்குத் திரும்பும் இரத்தம் குறைந்து இரத்த அழுத்தம் விழும். அப்படி விழுந்தால் முதலில் செய்ய வேண்டியது குழாயை வென்டிலேட்டரிலிருந்து கழற்றி, உள்ளே சேர்ந்தது வெளியேறும்வரை விடுவது.

விழித்திருக்கிற நோயாளியிடம் "நல்லா ஆழமா மூச்சு இழுங்க" என்று சொல்வது தவறு. ஏற்கெனவே நிரம்பியிருக்கிறவரை மேலும் நிரப்பச் சொல்கிறோம். "முதலில் விடுங்க" என்றுதான் சொல்ல வேண்டும். மூக்கால் இரண்டு எண்ணும் வரை மெல்ல இழுத்து, விசில் அடிப்பது போல உதட்டைக் குவித்து நாலு எண்ணும் வரை விட வேண்டும். கன்னம் உப்பக் கூடாது, முக்கக் கூடாது. உதட்டில் ஏற்படும் தடை குழலுக்குள் அழுத்தத்தை உயர்த்தி, அது மடியாமல் தாங்குகிறது. குறைமாதக் குழந்தையின் முனகலும் இதுவும் ஒரே உத்தி. அங்கே காற்றைத் தக்கவைக்க, இங்கே வெளியேற வழிவிட.

உதரவிதானத்தையும் பாருங்கள். இயல்பில் அது குவிமாடம். சுருங்கும்போது கீழே இறங்கி, கீழ்விலாக்களை வெளியே தள்ளும். நிரம்பிய நுரையீரல் அதைத் தட்டையாக அமுக்கிவிட்டால், சுருங்கும்போது கீழ்விலா உள்நோக்கி இழுபடும். மூச்சு இழுக்கும்போது கீழ்விலா ஓரம் உள்ளே போகிறதென்றால் நெஞ்சுப் படம் எடுக்கும் முன்பே விஷயம் புரிந்துவிடும்.

---

தேன்சிட்டு | பதிவு 14

இவ்வளவையும் அந்தப் பாட்டிலிலேயே காட்ட வழி இருக்கிறதா? பலூன் ஓய்வில் பாதி உப்பியே நிற்க வேண்டும். அது நடந்தால் மற்றதெல்லாம் சொல்லிப் புரியவைத்துவிடலாம்.

---

உதரவிதானம் | பதிவு 15

நடக்கும் டீச்சர். ஒரே ஒரு துளை போதும்.

கெட்டியான பாட்டில் எடுங்கள். மெல்லிய தண்ணீர் பாட்டில் வேண்டாம், சுவர் உள்ளே ஒடுங்கிவிடும். பக்கவாட்டில் 5 மி.மீ. துளை போடுங்கள். மூடியில் குழாய் நுழையும் இடத்தைச் சூட்டுப் பசையால் முழுக்க அடையுங்கள். அடி ரப்பரை அதிகம் இறுக்காமல் கட்டி, ஓரத்தைச் சுற்றி டேப் ஒட்டுங்கள்.

இப்போது பக்கத் துளை திறந்திருக்க, மேல் குழாயில் வாய் வைத்துப் பலூனைப் பாதி ஊதுங்கள். சுற்றியிருந்த காற்று துளை வழியே வெளியேறும். ஊதிய நிலையிலேயே துளையை விரலால் அடைத்துவிட்டு, பிறகு வாயை எடுங்கள். குழாய் திறந்திருந்தாலும் பலூன் காலியாகாது. கொஞ்சம் சுருங்கி ஓரிடத்தில் நின்றுவிடும். அதுதான் உங்கள் 2400. துளையில் டேப் ஒட்டிவிடுங்கள்.

அந்த நேரத்தில் அடி ரப்பரைக் கவனிக்கச் சொல்லுங்கள். யாரும் தொடாமலே அது மேல்நோக்கிக் குவிந்திருக்கும். பலூன் சுருங்க முயன்று சுற்றியுள்ள காற்றின் அழுத்தத்தைக் குறைத்துவிட்டது, அதனால் ரப்பர் உள்ளே உறிஞ்சப்படுகிறது. உதரவிதானத்தின் குவிமாட வடிவத்தில் ஒரு பங்கு இப்படி வந்ததுதான். இனி ரப்பரை ஒரு செ.மீ. இழுத்தால் ஒரு மூச்சு. விட்டால் பலூன் பழைய பாதி நிலைக்குத் திரும்பும், காலியாகாது. ரப்பரை மேல்நோக்கி அமுக்கினால் முழுமூச்சாக வெளிவிடுவது.

கடைசியாக டேப்பை உரியுங்கள். பலூன் சட்டென்று தொய்ந்து விழும், ரப்பர் தட்டையாகும். மார்புச் சுவரில் காயம் பட்டு உறைக்குள் காற்று புகுந்தால் நடப்பது இதே. நுரையீரல் ஒரு பக்கம் சுருங்கும், மார்புக்கூடு மறுபக்கம் விரியும்.

---

நீலவாடை | பதிவு 16

டேப்பை உரித்ததும் மாணவர்கள் "பிறகு எப்படிச் சரிசெய்வார்கள்?" என்று கேட்பார்கள். பக்கத் துளையில் ஒரு நெகிழ்குழாயைச் செருகி அடைத்து, மறுமுனையைத் தண்ணீர் பாட்டிலில் 2 செ.மீ. மூழ்க வையுங்கள். தண்ணீர் பாட்டில் மாதிரியைவிட நன்றாகத் தாழ்வாக இருக்கட்டும். மேல் குழாயில் ஊதினால் பலூன் விரியும், சுற்றியிருந்த காற்று தண்ணீரில் குமிழியாக வெளியேறும். வாயை எடுத்தால் வெளிக்காற்று திரும்பி உள்ளே வர முடியாது. அதற்குப் பதில் நெகிழ்குழாயில் தண்ணீர் சில செ.மீ. ஏறி நிற்கும். ஏறிய உயரம்தான் உறைக்குள் இருக்கும் குறை அழுத்தம், ஸ்கேல் வைத்தே அளக்கலாம். ரப்பரை இழுக்க இழுக்க அந்தத் தண்ணீர் மட்டம் ஏறி இறங்கும்.

நோயாளியின் நெஞ்சுக் குழாய் பாட்டிலில் நாங்கள் பார்ப்பதும் இதே ஆட்டம்தான். ஆட்டம் நின்றால் இரண்டில் ஒன்று: நுரையீரல் முழுக்க விரிந்துவிட்டது, அல்லது குழாய் மடங்கியோ அடைத்தோ இருக்கிறது. குமிழி வந்துகொண்டிருக்கும்போது குழாயைக் கிளிப் போட்டு மூடக் கூடாது. வெளியேற வழியில்லாத காற்று உள்ளே சேர்ந்து இதயத்தையே ஒரு பக்கம் தள்ளிவிடும். பாட்டிலை நெஞ்சு மட்டத்துக்கு மேலே தூக்கினால் தண்ணீர் உள்ளே போய்விடும். மாதிரியில் ஒருமுறை தூக்கிக் காட்டுங்கள், பலூனைச் சுற்றித் தண்ணீர் சேருவதை அவர்களே பார்க்கட்டும்.